ரெட்டை வெட்டு

இன்னும் ஒரே ஒரு திருகாணிதான், அதைக் கழற்றிவிட்டால் தகடு கையோடு வந்துவிடும், அதை மட்டும் கழற்றாமல் காலையிலிருந்து கோமதி கேமராவில் மற்ற எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்சக்கரங்களில் மெழுகாக உறைந்துபோயிருந்த பழைய எண்ணெயைக் குச்சி நுனியில் பஞ்சு சுற்றி எடுத்தாகிவிட்டது, சுருள்வில்லைத் துடைத்தாகிவிட்டது, லென்ஸ் மாட்டும் தட்டை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று குறித்தாகிவிட்டது, மேல் தோலுறை ஓரத்தில் பிரிந்து தொங்கியதைக்கூட யாரும் கேட்காமலே ஒட்டி வைத்துவிட்டாள். சாலிகிராமத்து வெயில் ஜன்னலைத் தாண்டி மேஜையில் பாதி வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர் வீட்டு ஏசித் தண்ணீர் கீழே ஏதோ தகரத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது, அதற்கு ஒரு தாளம் இருக்கிறதா என்று சற்று நேரம் கேட்டாள், இல்லை. அந்தத் தகடு ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. பித்தளைத் துண்டு, நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல், கேட் என்பார்கள், ஓடுகிற பிலிம் அதற்குப் பின்னால் கண நேரம் நின்று வெளிச்சம் வாங்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அந்த ஜன்னலை ஒரு பக்கம் ராவி அகலப்படுத்த வேண்டும். பழைய காலத்துச் சதுரப் படம் இப்போது யாருக்கும் ஆகாது, எல்லாருக்கும் அகலமாக வேண்டும், அதற்குப் பிலிமில் ஒலிக்கென்று ஒதுக்கியிருந்த ஓரத்தையும் படத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். ஹாம்பர்க்கில் இருந்த வருஷங்களில் இந்த வேலையை எத்தனை கேமராக்களுக்குச் செய்திருப்பாள், டிரெய்னைப் பற்றியும் பனியைப் பற்றியும் யோசித்துக்கொண்டே செய்திருக்கிறாள், கை பாட்டுக்குச் செய்யும். ஆனால் ராவினது ராவினதுதான், தூளாகிப் போன பித்தளையைத் திரும்ப ஒட்டவைக்க எந்த ஊரிலும் ஆள் இல்லை. ராவ வேண்டிய அந்த விளிம்பில்தான் இரண்டு வெட்டு இருக்கிறது. இருக்கும். இல்லாமல் எங்கே போகும்.

கேமராவைக் கொண்டுவந்து கொடுத்த புரொடக்‌ஷன் ஆள் மூச்சு வாங்கப் படியேறி வந்து சொன்னது அதைத்தான், “மேடம், கேட்டை மட்டும் நீங்களே உங்க கைப்படப் பண்ணணும்னு ஞானா சார் சொல்லச் சொன்னாரு.” கைப்பட. முந்தாநாள் சொன்ன வார்த்தை, இன்னும் பல்லிடுக்கில் மாட்டின பாக்குத் துணுக்காக அங்கேயே இருக்கிறது, நாக்கு அதைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது, திரும்பவும் போகிறது. ஏன் கைப்பட? ஊரில் வேறு ஆள் இல்லையா, கோயம்புத்தூரில் ஒருத்தர் இருக்கிறார், பம்பாயில் இருக்கிறார்கள். அவள் கையாலேயே அழியட்டும் என்றா? அவ்வளவு யோசிக்கிறவனா ஞானசுந்தரம்? யோசிக்கிறவன்தான். தரமணி பிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படிக்கும்போதே அவன் யோசித்துவிட்டுத்தான் சிரிப்பான். படிப்பை முடித்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஆவணப்படம் என்று அலைந்த காலத்தில் ஆளுக்கொரு கேமரா, இரண்டும் ஒரே ஜாதி, சாவி கொடுத்து ஓட்டுகிற ஸ்விஸ் கேமரா, லேபுக்குச் சுருள் போனால் எது யார் எடுத்தது என்று குழப்பம், கீறல் விழுந்து வந்தால் எந்தக் கேமராவைத் திட்டுவது என்று தெரியாது. செய்திப்படக்காரர்களிடம் பழைய வழக்கம் ஒன்று இருந்தது, கேட் விளிம்பில் முக்கோண அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக்கொள்வார்கள், அது ஒவ்வொரு பிரேமின் ஓரத்திலும் ஒரு பல் மாதிரி பதியும், திரையில் ஓரம் மறைந்துபோவதால் பார்க்கிறவனுக்குத் தெரியாது, நெகடிவைக் கையில் பிடிக்கிறவனுக்குத் தெரியும். ஞானா தன்னுடையதில் ஒன்று போட்டான். அவள் இரண்டு போட்டாள். லேப் அந்தோணி அண்ணன் அதற்கப்புறம் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, உள்ளே நுழையும்போதே இருட்டறையிலிருந்து சத்தம் வரும், “ஒத்தை வெட்டு வந்தாச்சு, ரெட்டை வெட்டு எங்கப்பா?” கோமதிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அப்பா வைத்த பெயரைவிட. அந்தோணி அண்ணன் இப்போது இல்லை, லேப் இருந்த இடத்தில் ஒரு கார் ஷோரூம் இருக்கிறது, ஆட்டோவில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பிலிம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை அடிக்கிற மாதிரி மூக்கு பொய் சொல்லும்.

அந்தக் கதவு. எதை யோசித்தாலும் கடைசியில் அங்கே போய்த்தான் இடித்துக்கொள்கிறது. ஆற்றங்கரைக் குடிசைகளை இடிக்க வந்த நாள், புல்டோசர் ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது, ஒரு பொம்பளை உள்ளே ஓடித் தன் வீட்டுக் கதவைக் கீலோடு பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறாள், பின்னால் வீடு விழுகிறது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நேரே கேமராவை நோக்கி வருகிறாள், வந்து கதவை நடுரோட்டில் நிமிர்த்தி நிறுத்திப் பிடித்துக்கொண்டு லென்ஸுக்குள் பார்க்கிறாள். அங்கே முடிகிறது. அந்த ஷாட்டை இதுவரைக்கும் உலகம் முழுக்கப் பார்த்தாயிற்று. ஆங்கிலத்தில் ஒரு பெண் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், ஒளிப்பதிவாளர் அந்த இடத்தில் காட்டும் நிதானம் என்று. நிதானம்! சாவி தீர்ந்துபோனதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று கோமதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முழுசாகச் சாவி கொடுத்தாலும் அந்தக் கேமரா அரை நிமிஷம் ஓடாது, சரியாக அந்தப் பொம்பளை கண்ணைத் தூக்கின நேரத்தில் வில் தளர்ந்து நின்றுவிட்டது, கோமதி பைத்தியம் பிடித்த மாதிரி சாவியைச் சுற்றி நிமிர்ந்தபோது அவள் கதவைக் கீழே சாய்த்துவிட்டுப் பிள்ளையைத் தேடப் போயிருந்தாள். அப்புறம் அந்த நடுக்கம். நடுவில் படம் லேசாக ஆடும், அதற்கும் எழுதினார்கள், மனசாட்சியின் நடுக்கமாம். அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள். விடியற்காலையிலிருந்து அடிவயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, துணி நனைந்துவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம், அந்தக் கரையில் எங்கே போய் மாற்றுவது, மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டியின் ஈரச் சுவரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றாள், அந்தக் குளிர்ச்சிதான் அவளைத் தாங்கினது. ஞானா அப்போது ரோட்டுப் பக்கம் தாசில்தாரின் ஜீப்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் டீக்கடையில் அவனிடம் சொன்னாள், தொட்டியில் சாய்ந்துகொண்டேதான் எடுத்தேன், கை நடுங்கிவிட்டது என்று. ஏன் நடுங்கியது என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வடையைப் பிய்த்து அவளுக்குப் பாதி கொடுத்தான்.

படம் எடிட்டில் இருக்கும்போதே அவள் கல்யாணமாகி ஹாம்பர்க் கிளம்பவேண்டி வந்தது, தன் கேமராவை அவனிடமே விட்டுவிட்டுப் போனாள், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. படம் வெளியே வந்தபோது ஒளிப்பதிவு, இயக்கம் எல்லாம் ஞானசுந்தரம். போனில் கேட்டாள். டைட்டில் போட்ட அவசரம் கோமு, அடுத்த பிரிண்ட்ல மாத்திடறேன் என்றான். அடுத்த பிரிண்ட் போடுகிற காலம் வருவதற்குள் பிரிண்ட் என்பதே போய்விட்டது. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் வைத்திருந்தாள், அதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை, ஹாம்பர்க்கில் அடுத்தவர் கேமராக்களைப் பிரித்துப் பிரித்துக் கோக்கும்போதெல்லாம் மனசுக்குள் எடுத்துத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்: நெகடிவின் ஓரத்தில் இரண்டு வெட்டு இருக்கிறது. யார் எதை அச்சடித்தாலும் அது அங்கே இருக்கிறது. கல்யாணம் முறிந்து, வேலையும் போதும் என்றாகி, போன வருஷம் இங்கே வந்து இறங்கின அன்றைக்கும் பெட்டிகளோடு பெட்டியாக அதையும் சுமந்துகொண்டுதான் வந்தாள். இப்போது அந்த நெகடிவை எங்கேயோ வெளிநாட்டில் ஓரத்தோடு ஓரமாக ஸ்கேன் செய்கிறார்கள், பழுது நீக்கித் திரும்ப வெளியிடுகிறார்கள். அதே மாதத்தில் கேட் அகலமாக வேண்டும் என்று அவள் விட்டுவிட்டுப் போன கேமராவை அவன் அனுப்புகிறான், கைப்பட. பயந்துவிட்டான், அதுதான். நினைக்கும்போதே உள்ளுக்குள் ஒரு சுகம் ஊறியது, பயப்படட்டும். ஊறின வேகத்திலேயே வற்றியும் போனது. அந்த இரண்டு வெட்டு என்னத்தை நிரூபிக்கும்? இந்தக் கேமராவில் எடுத்த படம் என்று. இந்தக் கேமரா யாருடையது? ஊருக்குத் தெரிந்து ஞானசுந்தரத்தினுடையது, பத்திரிகைக்கெல்லாம் இதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போட்டோ கொடுத்திருக்கிறான். ரெட்டை வெட்டு என்றால் கோமதி என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தர் கல்லறையில். ஒருத்தி இங்கே திருகாணியைக் கழற்றப் பயந்துகொண்டு. இன்னொருத்தன் அவன். அப்படியானால் அவள் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தது அவனுடைய ஞாபகத்தைத்தான், அவன் உள்ளூர அறிவான், ஏதோ ஒரு விருது மேடையில் ஏறும்போது முழங்கால் ஒரு நொடி தயங்கும் என்ற நம்பிக்கையை. அந்தத் தயக்கம் ஒன்றுதான் அவளுக்குச் சேரவேண்டிய பங்கு.

“எக்கா, இன்னும் அந்த ஓட்டையவே பாத்துக்கிட்டு இருக்கியா?” சங்கரி செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். கோமதியின் தங்கை, பக்கத்துத் தெரு டப்பிங் தியேட்டரில் குரல் கொடுக்கிறவள், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துபோவாள். காலை முழுக்க எவளோ ஒரு கதாநாயகிக்காக அழுதுவிட்டு வந்திருந்தாள், தொண்டை கட்டியிருந்தது. தட்டில் சோற்றைப் போட்டுப் புளிக்குழம்பை ஊற்றி நின்றுகொண்டே பிசைந்தாள். “உனக்கும் போடவா? வேண்டாமா? அந்த ஆளு உம் பேரைப் போடலைன்னு எத்தனை காலத்துக்குத்தான் வயித்தக் காயப்போடுவ?”

“பேருக்காக இல்லளா.”

“பின்ன எதுக்காம்? எம் பேரு எந்தப் படத்துலயாவது ஒழுங்கா வந்திருக்கா? அவளுக எல்லாம் எங்குரல்லதான் அழுதாளுக, எங்குரல்லதான் பெத்தாளுக. நான் சோறு திங்கலையா?”

“உனக்கு அது உங்குரல்னு தெரியும்ல.”

“தெரிஞ்சு? பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரிகிட்ட பேசிக் காட்டவா?” சங்கரி அப்பளத்தைக் கடித்தாள். அப்போதுதான் போன் அடித்தது, மேஜையில் அதிர்ந்து திருகாணித் தட்டு வரைக்கும் நகர்ந்துவந்தது. ஞானா. கோமதியின் கையெல்லாம் எண்ணெய், முழங்கை நுனியால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“கோமு! கைக்கு வந்துடுச்சா? எப்படி இருக்கு நம்ம கிழவி?” குரல் கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி அதே சிரிப்பு. அதே ஆற்றங்கரைக்குத் திரும்பப் போகிறானாம், அதே கேமராவோடு, அந்தப் பொம்பளையின் மகனைத் தேடிப் பிடித்துவிட்டார்களாம், வெளிநாட்டுக்காரர்கள் பிலிமில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். “ஸ்கேன்ல பாக்கணும் நீ, அந்தக் கதவு ஷாட்டை. உடம்பு சிலிர்த்துப்போச்சு. எனக்கு அப்படியே ஞாபகம் வருது கோமு, அந்தத் தண்ணித் தொட்டி, அந்த ஈரச் சுவத்துல சாஞ்சு நிக்கிறேன், கண்ணு கலங்கிக் கை நடுங்குது, வியூஃபைண்டர்ல ஒண்ணுமே தெரியலை. அவ பாத்தா பாரு, போதும், இதுக்கு மேல எடுத்தா பாவம்னு விரலை எடுத்துட்டேன்.” கோமதி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள், வார்த்தைகளை அல்ல, வார்த்தைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகளை, அங்கே எங்காவது ஒரு எச்சில் விழுங்கும் சத்தம், ஒரு தயக்கம், முழங்கால் மடிகிற ஓசை. ஒன்றும் இல்லை. அவன் சொந்த வீட்டுக்குள் நடமாடுகிறவனைப் போல அந்த நாளுக்குள் நடமாடிக்கொண்டிருந்தான். “நீ அன்னிக்கு எங்க இருந்தே? ஊருக்குப் போயிருந்தியோ?”

“ஊர்லதான் இருந்தேன்” என்றாள் கோமதி. சங்கரி பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு போனையே பார்த்தாள்.

“ஆங், ஒரு முக்கியமான விஷயம், அதுக்குத்தான் நீயே பண்ணணும்னு சொல்லிவிட்டேன். கேட் ஓரத்துல ரெண்டு வெட்டு இருக்கும் பாரு. ஸ்கேன் பண்றவங்க அதைக் கண்டுபிடிச்சுட்டுக் குதிக்கிறாங்க, உங்க கையெழுத்தாங்கறாங்க, போஸ்டர்லயே அதைத்தான் வச்சிருக்காங்க, கறுப்புல ரெண்டு பல்லு, அவ்வளவுதான், பிரமாதமா இருக்கு. ராவினா போயிடும் இல்லையா? போனா போகட்டும், புது விளிம்புல அதே மாதிரி ரெண்டு வெட்டிக் குடுத்துடு. நூல் பிசகக்கூடாது. வேற எவன் கையிலும் குடுக்க மாட்டேன்.”

“படத்துல சில ஷாட்ல ஒரு வெட்டு இருக்குமே.” குரல் தன்னுடையதாக இல்லை, யாரோ தியேட்டரில் உட்கார்ந்து கொடுத்த மாதிரி இருந்தது.

“ஆமாமா, அவங்களும் கேட்டாங்க. ஜீப்பு, ரோடு, கூட்டம், கொஞ்சம் சுமார் ஷாட்டெல்லாம். அது உன் கேமராவாத்தான் இருக்கணும் கோமு, வேற யாரு இருந்தா? சொல்லிட்டேன் அவங்ககிட்ட. இந்தத் தடவை உன் பேரு வருது, கூடுதல் ஒளிப்பதிவுன்னு. ரொம்ப நாளா மனசுல கிடந்தது, சந்தோஷமா உனக்கு?”

சங்கரிதான் போனை அணைத்தாள், இடது கைச் சுண்டுவிரலால். அப்புறம் அவள் தட்டைக் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், “நடிக்கலக்கா அவன். நானும் காலையில இருந்து நடிக்கிற குரலையே கேட்டவ. இது நிஜம்னு நினைச்சுப் பேசுது.” படியிறங்கும் சத்தம் கேட்டு, கீழே கேட் கதவு கிறீச்சிட்டு, ஓய்ந்தது.

நடிக்கவில்லை. அதுதான். திருடி வைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தவரைக்கும் பொருள் அவளுடையதாக இருந்தது, திருடினவனாவது எடுக்கும்போது ஒரு முறை அக்கம்பக்கம் பார்த்திருப்பான், அந்தப் பார்வையில் அவள் இருந்திருப்பாள். இவன் பார்க்கவே இல்லை. அவளுடைய ஈரச் சுவர், அவளுடைய நடுக்கம், அடிவயிற்றைப் பிடித்து இழுத்த அந்த வலிகூட அவனிடம் போய்க் கண்ணீராகிவிட்டது, மாதாமாதம் அவளுக்கு வந்த வலி, இப்போது வருவதும் நின்றுபோன வலி. தீர்ந்துபோன சாவியையும் எடுத்துக்கொண்டான், பாவம் பார்த்து விரலை எடுத்தானாம். என்ன செய்யலாம், திரும்பக் கூப்பிட்டுக் கத்தலாம். கோமு உனக்கு உடம்பு சரியில்லையா என்பான், நிஜமான அக்கறையோடு கேட்பான், சாயங்காலம் பழக்கூடையோடு வந்தாலும் வந்து நிற்பான். ஸ்கேன் செய்கிறவர்களுக்கு எழுதலாம். இரண்டு பாஷையிலும் நன்றாக எழுத வரும் அவளுக்கு, எந்தப் பாஷையில் எழுதினாலும் அது பொறாமைக்காரி எழுதின மாதிரிதான் படியும், எழுதுவதற்கு முன்னாலேயே அந்த வாசனை அவளுக்கே அடித்தது. ஏசித் தண்ணீர் சொட்டுவது நின்றிருந்தது, கரண்ட் போயிருக்க வேண்டும், மின்விசிறி எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை, முதுகில் வேர்வை ஓடியது. கோமதி திருப்புளியை எடுத்து அந்தக் கடைசித் திருகாணியைக் கழற்றினாள்.

தகடு உள்ளங்கையில் வந்து விழுந்தது. உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள். இருந்தது. இரண்டும் இருந்தது. ஒன்று நேராக, இன்னொன்று கொஞ்சம் சாய்ந்து, இரண்டாவதைப் போடும்போது அரம் வழுக்கியதும் ஞானா சிரித்ததும் விளிம்போடு சேர்ந்து அங்கேயே இருந்தன. கன்னத்துப் பரு வடு மாதிரி, தன்னுடையது என்று சொல்ல யாருடைய சாட்சியும் வேண்டாத மாதிரி. அவள் எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. சின்ன இடுக்கியில் தகட்டைக் கவ்வினாள், தட்டை அரத்தில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொண்டாள், ராவினாள். பித்தளை மெல்லக் கத்தியது. மஞ்சள் தூள் வெயிலில் இறங்கியது. ஒரு இழுப்புக்கு ஒரு தடவை அளந்து பார்த்தாள், ஹாம்பர்க்கில் யாருக்கோ செய்கிற மாதிரியே, விளிம்பு உள்வாங்க உள்வாங்க வெட்டுகள் ஆழம் குறைந்து, கிண்ணமாகி, தழும்பாகி, சாய்ந்ததுதான் கடைசி வரைக்கும் நின்றது, அதுவும் ஒரு நிழலாகி, அடுத்த இழுப்பில் இல்லை. இந்த உலகத்தில் இனி ரெட்டை வெட்டு நெகடிவில் மட்டும்தான். நேரான, புத்தம் புதிய, யாருடையதும் இல்லாத விளிம்பு. பஞ்சால் துடைத்தாள். முக்கோண அரத்தை எடுத்தாள். நூல் பிசகாமல் இடம் குறித்தாள், அவன் கேட்ட நேர்த்திக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது, வைக்கவும் தெரியாது அவளுக்கு. ஒரு வெட்டுப் போட்டாள். ஆழமாக, நேராக, சுத்தமாக. பிசிறு எடுத்தாள். அடுத்ததற்கு அரம் தானாகவே நகர்ந்து விளிம்பில் போய் உட்கார்ந்தது, அவ்வளவு காலத்துப் பழக்கம். அவள் அதைத் தூக்கிப் பெட்டியில் போட்டு மூடினாள்.

இவ்வளவுதான் அவனுடையது. அன்றைக்கு அவனே அவன் கையால் போட்டுக்கொண்ட கணக்கும் இதுதான். இனிமேல் அவன் எதை எடுத்தாலும், அந்த மகனை எடுத்தாலும் ஆற்றை எடுத்தாலும், ஒவ்வொரு பிரேமின் ஓரத்திலும் இந்த ஒற்றைப் பல் விழும். அதே ஸ்கேன்காரர்கள் ஒருநாள் அதையும் ஓரத்தோடு ஓரமாகப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு அவனிடமே கேட்பார்கள், சார், இது அந்தக் கூடுதல் ஒளிப்பதிவுக்காரியின் அடையாளம் அல்லவா என்று. அவன் என்ன சொல்வான்? சொல்லட்டும், எதையாவது நிஜம் என்று நினைத்துச் சொல்வான். தகட்டை வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள், அந்தக் கடைசியை மற்றவற்றைவிட ஒரு சுற்று இறுக்கமாக. மூடியைச் சாத்தி, முழுசாகச் சாவி கொடுத்து, பிலிம் இல்லாத கேமராவை ஜன்னல் பக்கம் பிடித்து விரலை அழுத்தினாள். ஓடியது. எண்ணெய் ஏறின பல்சக்கரங்களின் சத்தம் இழைந்து வந்தது. விரலை எடுக்கவில்லை அவள், எப்போதும் எடுத்ததில்லை. வெயில், எதிர் வீட்டுச் சுவர், கொடியில் யாருடையவோ துவைத்த புடவை. வில் தளர்ந்து, இழுபட்டு, தன்பாட்டுக்கு நின்றது.